கல்லடிப் பாலமும் ரவுட்டரும்: இணைய வேகம் ஏன் ஒரே எண்ணுக்குள் அடங்குவதில்லை

இரவு ஒன்பது மணி. மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மா கட்டாரில் இருக்கும் தம்பியுடன் பேசுகிறார். பேசுகிறார் என்பதைவிடக் கூப்பிடுகிறார் என்பதே சரி. “மகன், கேட்கிறதா? மகன்?” அவனுடைய குரல் அம்மாவுக்குத் தெளிவாக வருகிறது. அம்மா சொல்வதுதான் அவனுக்குப் பாதி வார்த்தையாக, அதுவும் ஆறிப்போய்ச் சேர்கிறது. உள்ளறையில் அக்காவின் மகள் உயர்தரப் பௌதிகவியல் பாடமொன்றைக் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு தடங்கலும் இல்லை. நான் வேகச் சோதனைச் செயலியைத் திறந்து பார்த்தேன். செக்கனுக்கு 30 மெகாபிட் என்று பெரிய எழுத்தில் காட்டியது. அதை அம்மாவிடம் நீட்டினேன். “முப்பது என்றால் நான் சொல்வது மட்டும் ஏன் அவனுக்குப் போகவில்லை?” என்று கேட்டார்.

வலையமைப்பை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி அது. செயலி காட்டிய முப்பது பொய்யில்லை. அது வேறொரு கேள்விக்கான விடை, அவ்வளவுதான். ஒரு குழாய் நிறையத் தண்ணீர் விட்டால் எவ்வளவு கொள்ளும் என்பதை அது அளக்கிறது. அம்மாவுக்கு வேண்டியதோ, சிறு துளியொன்று இங்கிருந்து புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் மறுமுனையில் விழுகிறது, ஒவ்வொரு துளியும் அதே சீரில் விழுகிறதா என்பது. இரண்டும் வேறு. செயலிக்குச் செயலி இந்தத் தேவை எப்படி மாறுகிறது என்று பார்க்காமல் வேகம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

ஒவ்வொரு செயலிக்கும் ஒரு நடை

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. பொதி பொதியாகத்தான் போகிறது. நம் வீட்டுக் கம்பிகளில் ஓடும் ஈதர்நெட் பொதியொன்று ஏற்கக்கூடிய உச்ச அளவு வழக்கமாக 1500 பைட் (ஒரு பைட் என்பது எட்டு பிட்). அந்த அளவுக்குள் எதை, எவ்வளவு, எந்த இடைவெளியில் அனுப்புவது என்பதில்தான் ஒவ்வொரு செயலியின் நடையும் தெரியும்.

குரல் அழைப்பை எடுத்துக்கொள்வோம். வழமையாக 20 மில்லிசெக்கன் பேச்சை ஒரு பொதியாகக் கட்டுகிறார்கள். ஆகவே செக்கனுக்கு 50 பொதிகள். பழைய தொலைபேசித் தரமான ஜி.711இல் ஒவ்வொரு பொதியிலும் 160 பைட் குரல் இருக்கும். குரலைச் சுருக்கும், 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில் செக்கனுக்கு 24 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் வெறும் 60 பைட்தான். அதன் மேல் முகவரித் தலைப்புகள் ஏறுகின்றன: எந்தக் கணினிக்கு என்று எழுதும் ஐ.பி.க்கு 20, எந்தச் செயலிக்கு என்று எழுதும் யு.டி.பி.க்கு 8, நேரக்குறிப்பு சுமக்கும் ஆர்.டி.பி.க்கு 12, மொத்தம் 40 பைட். அறுபது பைட் கடிதத்துக்கு நாற்பது பைட் உறை. இரண்டையும் கூட்டினாலும் செக்கனுக்கு 40 கிலோபிட்டுக்கு மேல் போகாது. அப்படியானால் 30 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 750 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். எங்கள் வீட்டில் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார். குரலுக்கு இடம் போதாமல் போனது என்று சொல்ல வழியே இல்லை.

குரலுக்கு வேண்டியது நேரம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்கு உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்” என்று மாறி மாறி உபசரித்துக்கொள்ள வேண்டியதுதான். தாமதம் கூடிக்குறைந்து ஆடினால் இன்னும் மோசம். பேசும் செயலி அந்த ஆட்டத்தைச் சமாளிக்கச் சில பொதிகளைப் பிடித்து வைத்துச் சீராக விடும். பிடித்து வைக்கும் நேரத்துக்குள் வராத பொதி, பிறகு வந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

காணொளியின் நடை இதற்கு நேர்மாறானது. கூரைத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் ஓடும், தாங்கி நிரம்பும், மோட்டர் நிற்கும். கீழே குழாயைத் திறப்பவருக்கு மோட்டர் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியாது. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ்., 2012இல் சர்வதேசத் தரமான டாஷ் ஆகிய இரண்டும் காணொளியைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு கோரிக்கையாக எடுக்கின்றன. இணைப்பு நன்றாக இருந்தால் அடுத்த துண்டைக் கூர்மையான படமாகக் கேட்கும். தளர்ந்தால் மங்கலானதைக் கேட்கும். வரைபடத்தில் பார்த்தால் ஒரு துள்ளல், சில செக்கன் மௌனம், மறுபடி துள்ளல். இடையில் ஒரு செக்கன் தாமதம் வந்தாலும் தாங்கியில் இருப்பு இருப்பதால் பார்ப்பவருக்கு உறைக்காது. அக்காவின் மகள் நிம்மதியாகப் படித்த இரகசியம் இதுதான்.

இணையப் பக்கம் திறப்பது மூன்றாவது வகை. இது பெரும்பாலும் சிறிய கோப்புகளின் கூட்டம். எங்கோ நூறு மில்லிசெக்கன் போய்வரத் தூரத்தில் உள்ள வழங்கியிலிருந்து, அதாவது பக்கத்தை வைத்திருக்கும் கணினியிலிருந்து, 150 கிலோபைட் கோப்பொன்று வருகிறது என்று வைப்போம். 30 மெகாபிட் குழாயில் அதை ஊற்றுவதற்கு 40 மில்லிசெக்கன் போதும். ஆனால் நடப்பது வேறு. பொதிகள் தவறாமல் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டி.சி.பி. நெறிமுறை முதலில் கைகுலுக்க ஒரு சுற்று, அதாவது ஒருமுறை போய்வரும் நேரம். மறைக்குறியீட்டுக்குப் பழைய டி.எல்.எஸ். 1.2 எடுத்துக்கொள்வது இரண்டு சுற்று. அதன்பின் வழங்கி முழு வேகத்தில் கொட்டுவதில்லை. பாதை எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் முதல் சுற்றில் பத்துப் பொதி, அடுத்ததில் இருபது, பிறகு நாற்பது என்று தடவித் தடவிக் கூட்டுகிறது. 150 கிலோபைட் முடிய நான்கு சுற்று ஆகும். ஆக ஏழு சுற்று, 700 மில்லிசெக்கன். இணைப்பை 100 மெகாபிட்டாக உயர்த்துங்கள். ஊற்றும் நேரம் 12 மில்லிசெக்கனாகக் குறையும், காத்திருக்கும் நேரம் அப்படியே கிடக்கும். கூடுதல் பணம் கட்டிப் பெரிய பொதித்திட்டத்துக்கு மாறிய பிறகும் “பக்கம் திறக்க முன்புபோல்தான் இருக்கிறது” என்று பலர் அலுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். அதே கோப்பு கொழும்பில் ஒரு சேமிப்பு வழங்கியில் இருந்து, போய்வரப் பத்து மில்லிசெக்கன்தான் என்றால் நூறு மில்லிசெக்கனுக்குள் வேலை முடிந்துவிடும்.

விளையாட்டுகள் குரலின் உறவினர்கள்: சிறு பொதிகள், இடைவிடாத ஓட்டம், தாமதத்தைப் பொறுக்காத குணம். நான்காவது வகை ஒன்றிருக்கிறது. கோப்பை மேலேற்றுவது. அது பெருந்தீனிக்காரன், கிடைக்கும் இடம் முழுவதையும் நிரப்பும். எங்கள் வீட்டுக் குற்றவாளியும் அதுதான் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவில் அக்கா எடுத்த சில நூறு படங்களும் காணொளிகளும் அவருடைய கைபேசியிலிருந்து எங்கோ ஒரு மேகச் சேமிப்புக்குத் தாமாகவே ஏறிக்கொண்டிருந்தன.

எர்லாங்கின் கணக்கு எங்கே பிழைத்தது

மாமாங்கத்தைச் சொன்னதால், கூட்டத்தைக் கணக்கிடுவது பற்றி ஒரு பழைய கதை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த கணிதர் அக்னர் கிராரூப் எர்லாங், ஒரு நிலையத்துக்கு எத்தனை இணைப்புத் தடங்கள் வேண்டும் என்பதைக் கணக்கிட 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகள்தான் போக்குவரத்து அளவீட்டுக் கணிதத்தின் தொடக்கம். யார் எப்போது அழைப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேர் ஒருவருக்கொருவர் தொடர்பின்றி அழைத்தால் மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று நிரவி, மொத்தம் வழவழப்பாகிவிடும் என்பது அதன் அடித்தளம். தொலைபேசிக்கு அது அழகாகப் பொருந்தியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியியலாளர்கள் அதை நம்பித் தடம் போட்டார்கள். கணினி வலையமைப்பு வந்தபோதும் அதையே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் கம்பியில் ஓடிய பொதிகளை ஒன்று விடாமல் நேரக் குறிப்புடன் பதிந்து வைத்தார்கள். லீலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகிய நால்வரும் 1993இல் அதன் முடிவைச் சொன்னபோது துறையே திடுக்கிட்டது. நூறில் ஒரு செக்கன் அளவில் பார்த்தாலும் மேடு பள்ளம். நூறு செக்கன் அளவில் பார்த்தாலும் அதே மேடு பள்ளம். எவ்வளவு தூரம் விலகி நின்றாலும் வழவழப்பாகவில்லை. கடலைக் கரையில் நின்று பார்த்தால் சிற்றலை, பாலத்தில் நின்று பார்த்தால் பேரலை என்பதைப்போல. கோப்புகளின் அளவு சீராக இல்லாததே இதற்குப் பெரிய காரணம் என்று பிறகு விளக்கினார்கள்: மிகப் பல குட்டிக் கோப்புகள், அரிதாக ஒரு யானை.

இதனால் அளப்பவருக்கு என்ன? மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அமிர்தகழி வீதியில் நிற்பவரிடம், “இந்த வீதியின் ஆண்டுச் சராசரிப் போக்குவரத்து மிகக் குறைவு” என்று சொல்லிப் பாருங்கள். இணைப்பின் சராசரிப் பயன்பாடு 40 சதவீதம் என்று ஓர் அறிக்கை சொல்லலாம். அந்தச் சராசரிக்குள் பல அரைச் செக்கன்கள் நூறு சதவீதத்தில் மூச்சுத் திணறியிருக்கலாம். அம்மாவின் “மகன்” அந்த அரைச் செக்கனுக்குள் அகப்பட்டால் சராசரி வந்து காப்பாற்றாது.

முகத்துவாரமும் வரிசையும்

மட்டக்களப்பில் பிறந்தவருக்கு இந்தப் பகுதியை விளக்குவது இலகு. மாரிமழையில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் காட்டாறுகள் எல்லாம் வாவிக்குள் வந்து விழும். வாவி பெரியது, வந்த தண்ணீரை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டிருந்தால் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகும், வயல்கள் மூழ்கும், ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லிக் கோரிக்கை எழும். வாவி அகலமாக இருப்பது தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் உதவும். வடிய வேண்டுமானால் வாய் அகல வேண்டும்.

வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று பொதிகளை அனுப்பும் ரவுட்டருக்குள்ளும் ஒரு வாவி இருக்கிறது. வீட்டிலிருந்து வெளியே போகும் தடம் செக்கனுக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை வழியாக ரவுட்டருக்குப் பொதிகள் அதைவிடப் பலமடங்கு விரைவாக வந்து விழும். மிஞ்சியவை வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு 256 கிலோபைட் நினைவகம் ஒதுக்கியிருந்தால், அது நிரம்பியிருக்கும் வேளையில் கடைசியாக வந்து சேரும் பொதி வெளியேற ஒரு செக்கனுக்கு மேல் ஆகும். அம்மாவின் குரல் பொதி அந்த வரிசையின் வாலில் நின்றது. முன்னால் அக்காவின் தீர்த்தத் திருவிழா. 150 மில்லிசெக்கனுக்குள் போக வேண்டிய சொல், வீட்டு வாசலைத் தாண்டவே ஒரு செக்கன் எடுத்துக்கொண்டது. தம்பியின் குரல் வந்த திசையில் வரிசை இல்லை. அதனால்தான் அது தெளிவாகக் கேட்டது. எந்தத் திசையில் பிழை என்று கேட்பதே பாதி நோயறிதல். அம்மா அதைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டார், நான்தான் கவனிக்கவில்லை.

படங்களை ஏற்றிய டி.சி.பி. ஏன் அடங்கவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 யார் தூரத்தில், செக்கனுக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டாக விழுந்தது. கிலோபிட் அல்ல, பிட். எல்லாக் கணினிகளும் தொலைந்த பொதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் நெரித்ததுதான் காரணம். வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: பொதி தொலைந்தால் அது பாதை நிறைந்ததன் அடையாளம், உடனே வேகத்தைக் குறை. இன்றுவரை இணையம் கவிழாமல் நிற்பதற்கு அதுவே அச்சாணி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நிறைந்ததும் பொதி தொலைய வேண்டும். நினைவகம் மலிவாகிவிட்டதால் ரவுட்டர் செய்பவர்கள் வரிசையை நீட்டிக்கொண்டே போனார்கள். பொதி தொலைவதில்லை, தாமதிக்கிறது. டி.சி.பி.க்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை. அது தொடர்ந்து கொட்டுகிறது. ஒரு பொதியையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் எல்லோரையும் காத்திருக்க வைத்துவிட்டது.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் வீட்டு இணைப்பில் பெரிய கோப்புகளை அனுப்பும்போது இதையே கண்டு, அதற்குப் பெயரும் வைத்துப் பிரபலமாக்கினார். 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையின் நீளத்தை அளப்பதை அது விட்டுவிட்டு, பொதி வரிசையில் நின்ற நேரத்தை அளக்கிறது. அந்த நேரம் 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெக்கன் தொடர்ந்தால், வேண்டுமென்றே ஒரு பொதியைக் கைவிட்டு டி.சி.பி.க்கு அடையாளம் காட்டும். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி வரிசை கொடுத்து இதனோடு சேர்த்த வடிவம் 2018இல் பரிசோதனை நிலை இணைய ஆவணமாக வெளியானது. எதை அளப்பது என்ற தேர்வை மாற்றியதே அங்கே முக்கால் பங்குத் தீர்வு.

கிழக்கே பார்த்து, மேற்கே போய்

கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே, சற்றுத் தெற்காகப் பார்த்தால், வங்கக் கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 2,500 கிலோமீற்றரில் சிங்கப்பூர்ப் பக்கம் வரும். நம்மில் பலர் திறக்கும் பல சேவைகளின் வழங்கிகள் அங்கே இருக்கின்றன. ஆனால் இலங்கையின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். ஆகவே நம் பொதி முதலில் நாட்டைக் குறுக்கறுத்து மேற்கே போய், பிறகு கடலில் இறங்கி, தெற்கைச் சுற்றிக் கிழக்கே திரும்புகிறது. ஒளி கண்ணாடி இழையில் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். 300 கிலோமீற்றருக்கு ஒரு வழி ஒன்றரை மில்லிசெக்கன். கொழும்புச் சுற்று பெரிய நட்டமில்லை. சிங்கப்பூருக்குப் போய்வர, நேர்கோட்டில் இழை போட்டால்கூட 25 மில்லிசெக்கனுக்குக் குறையாது. அது பௌதிகவியல் போட்ட வரி. எந்தப் பொதித்திட்டத்தாலும் தள்ளுபடி வாங்க முடியாது.

தூரத்தோடு இழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1997இல் மாத்திஸும் தோழர்களும் ஒரு சூத்திரம் தந்தார்கள். பழைய வகை டி.சி.பி.யின் வேகம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். 1460 பைட் பொதி, நூற்றுக்கு ஒன்று இழப்பு, 100 மில்லிசெக்கன் தூரம் என்றால் உங்கள் இணைப்பு எத்தனை மெகாபிட்டாக இருந்தாலும் ஒரு தொடர்புக்கு 1.4 மெகாபிட் அளவில் நின்றுவிடும். அதே இழப்பு, பத்து மில்லிசெக்கன் தூரம்: 14 மெகாபிட். வேகச் சோதனைச் செயலி பெரும்பாலும் அருகிலுள்ள வழங்கியைத் தேர்ந்து, பல தொடர்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கும். அது பெருமை பேசுவதில் வியப்பில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் 2006 முதல் வழமையாக உள்ள கியூபிக் என்ற டி.சி.பி. வகை இந்தச் சிக்கலை ஓரளவு தணிக்கிறது. 2016இல் கூகுள் வெளியிட்ட பி.பி.ஆர். என்ற வகை இழப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் பாதையின் கொள்ளளவையும் தாமதத்தையும் கணித்தே நடக்கிறது.

இப்போது பழைய கல்லடிப் பாலத்துக்கு வருவோம். 1924இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை அக்கரையில் வரிசை நிற்க, இக்கரை வாகனங்கள் போகும்; பிறகு மாறும். நடுவில் ஒரு பஸ் பழுதானால் பின்னால் நிற்கும் அம்புலன்சும் நிற்க வேண்டியதுதான். டி.சி.பி.யில் ஒரு பொதி தொலைந்தால் இதுவே நடக்கிறது: அது திரும்ப வரும்வரை பின்னால் வந்து சேர்ந்த நல்ல பொதிகளையும் செயலியிடம் கொடுக்க மாட்டாது. ஒழுங்கு முக்கியம் என்பது அதன் பிடிவாதம். 2012இல் கூகுள் தொடங்கி, 2021 மே மாதத்தில் தரமான குவிக் நெறிமுறை யு.டி.பி.யின் மேல் ஏறி ஓடுகிறது; ஒரே தொடர்புக்குள் பல தடங்களை வைத்து, ஒரு தடத்தில் பழுதானால் மற்றவற்றை நிறுத்தாமல் விடுகிறது. கைகுலுக்கலையும் மறைக்குறியீட்டையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. முன்பு போட்ட கணக்கில் ஏழு சுற்று ஐந்தாகும். ஏற்கெனவே பழகிய வழங்கியென்றால் இன்னும் ஒன்று குறையும்.

பாலத்தின் உவமை வைஃபைக்கு இன்னும் நெருக்கம். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ரவுட்டரும் அதற்கு விலக்கல்ல. மூலையறையில், இரண்டு சுவர்களுக்கு அப்பால், பலவீனமான சிக்னலில் உள்ள பழைய கைபேசி ஒரு பொதியை அனுப்ப நீண்ட நேரம் எடுத்தால், அருகிலேயே இருக்கும் புதிய மடிக்கணினியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. 2003இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். பாலத்தில் மாட்டுவண்டி ஏறினால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கும் மாட்டு வேகம்தான். எனவே வீட்டில் அளப்பதானால் முதலில் கம்பியில் மாட்டி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரின் குற்றத்தை இணைப்பு வழங்குநரின் தலையில் போட்டுவிடுவோம்.

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் கம்பி இணைப்பு வந்த வீட்டில் இருந்துகொண்டு நான் இதையெல்லாம் எழுதுகிறேன். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கேள்வியே வேறு. அங்கே பல குடும்பங்களுக்கு இணையம் என்றால் கைபேசிக் கோபுரம்தான். கோபுரத்தின் கொள்ளளவை அதன் கீழுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நான்காம் தலைமுறை வலையமைப்பில் வானலையில் கெட்டுப்போன பொதியைக் கோபுரமும் கைபேசியும் தமக்குள்ளேயே திரும்ப அனுப்பித் திருத்திக்கொள்கின்றன. மேலே உள்ள டி.சி.பி.க்கு இழப்பு தெரியாது. தாமதத்தின் ஆட்டமாகத்தான் தெரியும். இழப்பு பூச்சியம் என்று அறிக்கை வரும், வகுப்புக் கேட்கும் பிள்ளைக்கோ ஆசிரியரின் குரல் இழுபடும். கோபுரத்திலிருந்து பின்னால் போகும் இணைப்பு நுண்ணலையாக இருந்தால் கடும் மழையும் அதில் கை வைக்கும். கொட்டும் மழையில் கூரைத் தட்டுத் தொலைக்காட்சி உடைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்படி அளப்பது

சிறு பொதியொன்றை அனுப்பி அது போய்வரும் நேரத்தை அளக்கும், மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் என்ற நிரல் இன்னும் முதல் கருவி. ஆனால் பலர் அதை ஓய்ந்திருக்கும் இணைப்பில் நான்கு முறை அடித்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று மூடிவிடுகிறார்கள். வெறும் வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தை நாளைப் பற்றிப் பேசுவது போன்றது அது. சும்மா இருக்கும்போது நூறு முறை, பெரிய கோப்பொன்றை மேலேற்றிக்கொண்டிருக்கும்போது நூறு முறை, இறக்கிக்கொண்டிருக்கும்போது நூறு முறை. அதிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை. மூன்று எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் ரவுட்டரின் வாவி தெரியும்.

சராசரியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். நூறில் 95 பிங் 40 மில்லிசெக்கன், ஐந்து மட்டும் ஒரு செக்கன் என்று வைப்போம். சராசரி 88, பார்க்க யோக்கியமான எண். நடுவெண் 40; அது இன்னும் யோக்கியம். அந்த ஐந்தையும் காட்டாத எந்த அறிக்கையும் குரல் அழைப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மொத்தப் பரம்பலையும் வரைந்து, அதன் வாலைப் பார்க்க வேண்டும்.

பிங்குக்கும் குறைகள் உண்டு. வழியிலுள்ள ரவுட்டர்கள் தமக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருப்பதுண்டு. நடுவழியில் ஒரு கணு, அதாவது அப்படியொரு ரவுட்டர், மட்டும் பெரிய தாமதம் காட்டி, அடுத்த கணு சரியாக இருந்தால் அது பிழையே அல்ல. பிங் காட்டுவது போய்வரும் நேரம். எந்தத் திசையில் தாமதம் என்று அது பிரித்துச் சொல்லாது. அதைப் பிரிக்க இரு முனைக் கடிகாரங்களும் மில்லிசெக்கனுக்குள் ஒத்திருக்க வேண்டும். கடிகாரம் ஐந்து மில்லிசெக்கன் பிந்தியிருந்தால் உங்கள் முடிவும் ஐந்து மில்லிசெக்கன் பொய். கைபேசி வலையமைப்பில் வானொலிப் பகுதி உறங்கியிருந்தால் முதல் பிங் எப்போதும் பெரிதாக வரும். அதை ஒதுக்குவதா சேர்ப்பதா என்பது எந்தச் செயலியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பொதிகளை உள்ளே திறந்து பார்க்க வயர்ஷார்க் இருக்கிறது. ஜெரால்ட் கோம்ஸ் 1998இல் வேறு பெயரில் தொடங்கிய அந்த நிரல் 2006இல் இந்தப் பெயருக்கு மாறியது. டி.சி.பி. என்றால் வரிசை எண்களைப் பார்த்து மறுஅனுப்பல், போய்வரும் நேரம் எல்லாவற்றையும் அது கணக்கிட்டுத் தரும். குவிக்கில் அந்தத் தலைப்புகளும் மறைக்குறியீட்டுக்குள் போய்விட்டன. நடுவில் நின்று அளப்பவருக்கு இரக்கப்பட்டு ஒரேயொரு பிட் வெளியே விடப்பட்டிருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை 0, 1 என்று புரளும் அதைக் கொண்டு போய்வரும் நேரத்தை ஊகிக்கலாம். அதுவும் கட்டாயமில்லை. பயனாளரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது, ஆய்வாளருக்குத் தலையிடி. எனக்கு முன்னதே பெரிதாகப் படுகிறது. உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் யார், எப்போது, எங்கே பேசினார் என்பது பொதியின் முகவரியிலேயே இருக்கிறது. அடுத்தவருடைய போக்குவரத்தை அவரிடம் கேட்காமல் பிடித்து வைப்பதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மாணவர் செயற்றிட்டங்களில் அடிக்கடி காணும் தலைப்பு, “டி.சி.பி. சிறந்ததா, யு.டி.பி. சிறந்ததா?” ஆய்வுகூடத்தில் இரண்டு கணினியை ஒரே வலையமைப்பு ஆளியில் (சுவிட்ச்) மாட்டி, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓடவிட்டு, சலாகை வரைபடம் போட்டு முடித்துவிடுவார்கள். பதிவுத் தபால் சிறந்ததா, வாசலில் நின்று கூவுவது சிறந்ததா என்று கேட்பது மாதிரி. 1981இல் தரமான டி.சி.பி. ஒவ்வொரு பொதிக்கும் கையெழுத்து வாங்கும்; 1980இல் மூன்றே பக்கத்தில் எழுதப்பட்ட யு.டி.பி. எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராது. எதை, யாருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லாமல் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. அதைவிட நல்ல கேள்வி நம் காலடியிலேயே கிடக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டும் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் கல்வி வலையமைப்பில் இணைந்தவை. கரையோர வீதியில் இடைத்தூரம் நூறு கிலோமீற்றருக்கும் குறைவு. ஒளிக்குப் போய்வர ஒரு மில்லிசெக்கன். பிங் ஆறு, ஏழு என்று காட்டினால் பொதி களுவாஞ்சிக்குடி, கல்முனை வழியாகப் போகவில்லை, கொழும்பைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு வாரம், பகலும் இரவும், குரல்போல் சிறு பொதிகளும் காணொளிபோல் துள்ளல்களும் அனுப்பிப் பார்த்தால் சலாகை வரைபடத்தைவிடச் சுவையான கதை கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். ரவுட்டரின் அமைப்புக்குள் போய், வெளியே போகும் வேகத்தை உண்மையான கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்காகக் கட்டுப்படுத்தி, உரையாடலுக்கு ஒரு வரிசை என்ற முறையை இயக்கினேன். இனி வரிசை உருவானால் நான் இயக்கிய இந்த முறைக்குள்தான் உருவாகும். அதற்கு அப்பாலுள்ள பெரிய வாவிக்குப் பொதிகள் போய்த் தேங்காது. அன்றிரவு படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அம்மா தம்பியைக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் உடனே பதில் சொன்னான். அக்கா மட்டும் வேகச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏற்ற வேகம் முந்தியதைவிடக் குறைவாகக் காட்டுகிறது, இருந்த இணைப்பையும் கெடுத்துவிட்டாய் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.